சொன்ன சொல் மாறாத சுந்தராம்பாள் அம்மா



நம்ம கூட்டமைப்பு மலரில் ஒரு சாதனைப் பெண்ணைப் பற்றி எழுதும் பொறுப்பை இந்த முறை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு நடிகையின் வாழ்க்கை. நடிகை என்றதும் கதாநாயகியை நினைத்துவிட வேண்டாம். கிழவியாகவும் துறவியாகவும் அடியாராகவும் நடித்தே நாடு முழுக்கப் பேர் வாங்கியவர் இவர். பெயர் கே.பி. சுந்தராம்பாள்.

நம்மில் பல பேருக்குப் பெயர் சட்டென்று ஞாபகம் வராது. ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரியும். திருவிளையாடல் படத்தில், பழம் கிடைக்காத கோபத்தில் மலையேறிப் போன முருகனைச் சமாதானம் செய்ய, நெற்றி நிறைய விபூதியோடு வந்து பாடுவாரே ஔவையார், அவர்தான். கிருத்திகை அன்றைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனவர்கள், கடைத்தெருவில் எங்கேயாவது அந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள். கணீரென்று, மணி அடித்த மாதிரி இருக்கும்.

அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. கூலி பேசக் கூச்சப்படுவது, புருஷன் போனபின் ஊர் போடுகிற கட்டு, வயசாகிவிட்டது இனி என்ன என்கிற நினைப்பு, இதையெல்லாம் நம்ம குழுக் கூட்டங்களில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். இந்த மூன்றும் அவருக்கும் வந்தது. ஒவ்வொன்றிலும் அவர் தன் நிபந்தனையைத் தானே சொன்னார். சொன்னதைக் கடைசி வரைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை.

அம்மா பெயரே இனிஷியல்

குழுவில் புதிதாக ஒருவர் சேரும்போது படிவத்தில் தந்தை அல்லது கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நானும் எவ்வளவோ படிவம் நிரப்பியிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் அம்மா பெயரை எழுத இன்றைக்கும் நமக்கு யோசனைதான்.

சுந்தராம்பாள் பெயருக்கு முன்னால் இருக்கும் கே என்பது கொடுமுடி, பி என்பது பாலாம்பாள். பாலாம்பாள் அவரைப் பெற்ற அம்மா. 1908-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், காவிரிக் கரையில் இருக்கிற கொடுமுடியில் பிறந்தார். இப்போது ஈரோடு மாவட்டம், அப்போது கோயம்புத்தூர் ஜில்லா. சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாலாம்பாள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்தக் குடும்பத்தில் இருந்த ஒரே சொத்து சுந்தராம்பாளின் தொண்டை. சின்னப் பிள்ளை ரயிலில் பாடிக் காசு வாங்கியதாகவும், அப்படிப் பாடும்போதுதான் நாடகத்தில் ஈடுபாடு உள்ள பெரியவர் ஒருவர் காதில் விழுந்து மேடைக்கு வந்ததாகவும் சொல்லுவாங்க. இதையே இரண்டு மூன்று விதமாகச் சொல்கிறவர்களும் உண்டு. எப்படி ஆனாலும், பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அந்தப் பிள்ளை நாடகக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டது.

வேலு நாயர் என்பவருடைய கம்பெனியில் பிள்ளை வேஷங்கள் கொடுத்தார்கள். நல்லதங்காள் கதை நமக்கெல்லாம் தெரியும். பஞ்சத்தில் அண்ணன் வீட்டைத் தேடிப் போய், அண்ணியிடம் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். அந்த நாடகத்தில் பசியில் துடிக்கிற மூத்த பிள்ளை வேஷம் சுந்தராம்பாளுக்கு. பசிக்கிறது என்று அந்தப் பிள்ளை பாடும்போது கொட்டகையில் அழாதவர்கள் இல்லையாம். பசி எப்படி இருக்கும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ராத்திரி முழுக்க ஒரு தொண்டை

பென்னலூரில் இருக்கிற நமக்குக் கம்பெனி என்றால் இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும்தான் ஞாபகம் வரும். வேன் வரும், ஷிப்ட் இருக்கும், காண்ட்ராக்டர் இருப்பார். நூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டில் கம்பெனி என்றால் நாடகக் கம்பெனியும்தான். அங்கேயும் காண்ட்ராக்டர் உண்டு.

கம்பெனி நாடகத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் தங்கி, ஒரே முதலாளியிடம் வேலை பார்ப்பார்கள். ஸ்பெஷல் நாடகம் என்று இன்னொரு வகை உண்டு. அதில் காண்ட்ராக்டர் ஒவ்வொரு நடிகரிடமும் தனித்தனியாகக் கூலி பேசுவார். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், பபூன் வேறொரு ஊர். ஒத்திகை எதுவும் கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால், மேடையில் பார்த்த நிமிஷமே பாட்டுக்குப் பாட்டு, பேச்சுக்குப் பேச்சு என்று போய்விடும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால் விடியும்போதுதான் முடியும்.

அன்றைக்கு மைக் கிடையாது. கடைசியில் தரையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கூட்டம் கூச்சல் போடும், அடுத்த தடவை காண்ட்ராக்டர் கூப்பிட மாட்டார். சுந்தராம்பாளின் குரல் அந்தக் கொட்டகைகளில் பழகிய குரல். பிற்காலத்தில் சினிமா ஒலிப்பதிவில் பாடியபோதும் அந்தக் கணீர் போகவே இல்லை. பெண் வேஷத்தோடு ஆண் வேஷமும் கட்டினார். ஆண்பிள்ளைகள் பெண் வேஷம் போட்ட காலத்தில், ஒரு பெண் ராஜபார்ட் போட்டு ஜெயிப்பது சாதாரண விஷயம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லணும். நாடகத்தில் நடிக்கிற பெண்ணை அன்றைய ஊர் மரியாதையாகப் பார்க்கவில்லை. பாட்டுக்குக் கை தட்டுவார்கள், வீட்டுக்குள் சேர்க்க யோசிப்பார்கள். அந்தப் பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டேதான் அவர் மேடையேறினார். அந்த வருமானத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

கிட்டப்பாவோடு ஆறு வருஷம்

இலங்கையில் தமிழ் நாடகத்துக்கு அப்போது பெரிய வரவேற்பு. கொழும்பில் சுந்தராம்பாள் நடித்துக்கொண்டிருந்தார். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் அங்கே நடிக்கப் போனார். 1926-ஆம் வருஷத்தை ஒட்டிய காலம். கிட்டப்பா அன்றைக்குத் தமிழ்நாட்டு மேடையில் பெரிய நட்சத்திரம். அவ்வளவு உயரத்தில் பாடுகிற ஆண் குரல் வேறு கிடையாது என்பார்கள். இந்தப் பெண்ணோடு பாடி ஜெயிக்க முடியுமா என்று அவரிடமும், அந்த மனுஷனோடு தாக்குப்பிடிக்க முடியுமா என்று இவரிடமும் பயமுறுத்தினார்களாம். இரண்டு பேரும் சேர்ந்து மேடையேறியதும் அந்தப் பேச்சு அடங்கியது.

1927-இல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். சுந்தராம்பாளின் கல்யாண வாழ்க்கை சுகமானது இல்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மனஸ்தாபம் வந்தது, பிரிந்து இருந்தார்கள். மேடையில் ஜோடியாக நின்றால் ஊரே வேடிக்கை பார்த்தது. வீட்டில் அவர் தனியாகக் கடிதம் எழுதிக்கொண்டு காத்திருந்தார். பணமும் புகழும் இருந்தால் பெண்ணுக்கு வீட்டில் கஷ்டம் இருக்காது என்று நாம் நினைப்போம். அப்படி எதுவும் இல்லை என்பதற்கு அவரே சாட்சி.

1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா காலமானார். 30 வயதுகூட ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது.

நகையைக் கழற்றினார். வெள்ளைப் புடவை கட்டினார். இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்து வீட்டோடு ஒதுங்கிவிட்டார்.

இந்த இடத்தில் நான் என் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நம்ம குழுக்களில் கணவரை இழந்த சகோதரிகள் நிறைய பேர் இருக்கிறார்கள். சுந்தராம்பாள் வெள்ளை கட்டினார், அதனால் நீங்களும் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூவும் பொட்டும் கலர்ப் புடவையும் அவரவர் விருப்பம். அவர் கட்டியது அவருடைய துக்கம். ஆனால் ஊர் அந்த வெள்ளைப் புடவைக்கு ஒரு அர்த்தம் வைத்திருந்தது. மூலையில் உட்கார், முன்னால் வராதே, நல்ல காரியத்தில் தலை காட்டாதே என்பதுதான் அது. அந்த ஒரு அர்த்தத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அதே வெள்ளைப் புடவையோடு கச்சேரி மேடைக்கும் பொதுக்கூட்டத்துக்கும் சட்டமன்ற மேலவைக்கும் போனார். அடுத்த 47 வருஷம் அப்படித்தான்.

ஒரு லட்சம் ரூபாய்

ஒதுங்கி இருந்தவரை வெளியே கூட்டி வந்ததில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்குப் பெரிய பங்கு உண்டு. மேடையில் மறுபடி அவர் குரல் கேட்கத் தொடங்கிய சமயத்தில், நந்தனார் கதையைப் படமாக எடுக்க ஒரு கம்பெனி வந்தது. தமிழில் பேசும் படம் வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது.

அவருக்கு நடிக்க இஷ்டம் இல்லை. நேராக மாட்டேன் என்று சொல்லாமல், வந்தவர்கள் தானாகத் திரும்பிப் போகட்டும் என்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். அவர்கள் சரி என்று சொல்லிவிட்டார்கள். 1935-இல் ஒரு லட்சம் என்றால் எவ்வளவு என்று நமக்குப் புரிய வேண்டுமே. ஒரு பவுன் தங்கம் 30 ரூபாய்க்குள் கிடைத்த காலம் அது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 3,000 பவுனுக்கு மேல் வருகிறது. இந்தியாவில் சினிமாவுக்காக ஒரு லட்சம் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான் என்று இன்றைக்கும் சொல்லுவாங்க.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த வேஷம். நந்தனார் ஆண். பண்ணையில் அடிமையாக உழைத்துக்கொண்டே, சிதம்பரம் போய் நடராஜரைப் பார்க்க ஏங்கிய தாழ்த்தப்பட்ட அடியார். அந்த வேஷத்தை சுந்தராம்பாளே கட்டினார். பண்ணை வைத்திருக்கிற வேதியராக, பெரிய சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர் நடித்தார். எந்த ஆணோடும் ஜோடி கிடையாது. அவர் சொல்லும் காப்பாற்றப்பட்டது, படமும் எடுக்கப்பட்டது.

அந்தப் படம் எதிர்பார்த்த மாதிரி ஓடவில்லை. பத்திரிகைகளில் கிண்டலாகக்கூட எழுதினார்கள். அவர் அதற்காகத் தன் நிபந்தனையைத் தளர்த்திக்கொண்டு, கதாநாயகி வேஷம் தேடிப் போகவில்லை. அடுத்த படம் வர ஐந்து வருஷம் ஆனது. 1940-இல் மணிமேகலை. அதுவும் துறவி வேஷம். பசித்தவர்களுக்கு அமுதசுரபியில் சோறு போட்டவள் மணிமேகலை. நல்லதங்காள் நாடகத்தில் பசியைப் பாடிய பிள்ளை, வளர்ந்து சோறு போடுகிறவளாக நடித்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கூட்டத்தில் பாடியவர், மேலவைக்குப் போனவர்

சினிமா இல்லாத வருஷங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. கச்சேரி செய்தார், இசைத்தட்டில் பாடினார். கதர் கட்டிக்கொண்டு காங்கிரஸ் கூட்டங்களில் பாடினார். 1937 தேர்தலில் சத்தியமூர்த்தி பேசும் கூட்டங்களுக்கு இவர் பாட்டைக் கேட்கவே ஜனங்கள் வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஊர்களில் சுதந்திரம் என்றால் என்ன, கள் குடித்தால் குடும்பம் என்ன ஆகும் என்பதைப் பாட்டாகவே கொண்டுபோய்ச் சேர்த்தார். குடியைப் பற்றி நம்ம கூட்டமைப்பு போட்ட தீர்மானங்களை நினைத்துக்கொண்டால், 90 வருஷத்துக்கு முன்னால் அவர் செய்த வேலையின் அருமை தெரியும்.

காந்தியடிகள் கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் சாப்பாடு போட்டாராம். சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று காந்தி விளையாட்டாகக் கேட்க, தட்டையே கொடுத்துவிட்டதாக ஒரு கதை உண்டு. அது தேச நிதிக்கு ஏலம் போனதாம். ரயிலில் பாடிக் காசு வாங்கிய பிள்ளையின் கை கொடுக்கிற கையாக மாறியது என்பதால்தானோ என்னவோ, அந்தக் கதையை ஜனங்கள் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

1951-இல் அவர் சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சினிமாக் கலைஞர் ஒருவர் சட்டமன்றத்துக்குள் போனது அதுதான் முதல் தடவை என்று சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகு சினிமாவிலிருந்து எத்தனையோ பேர் கோட்டைக்குப் போனார்கள், முதலமைச்சர்களும் ஆனார்கள். அந்தப் பாதையில் முதலில் கால் வைத்தவர் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண். இன்றைக்கு நம்ம தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. தலைவராகவும் வார்டு உறுப்பினராகவும் நம்ம குழுப் பெண்கள் உட்காருகிறார்கள். அவர் போன காலத்தில் அப்படி எந்த ஒதுக்கீடும் கிடையாது.

ஔவையார்

அவர் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோன படம் 1953-இல் வந்தது. ஜெமினி ஸ்டூடியோ எஸ்.எஸ். வாசன் எடுத்த ஔவையார். இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. யானைக் கூட்டம் வந்து கோட்டையை இடிக்கிற காட்சியை அந்தக் காலத்து ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். கல்யாணப் பேச்சு எடுத்தபோது, தனக்குக் கல்யாணம் வேண்டாம், தமிழும் பக்தியும் போதும் என்று பிள்ளையாரிடம் அழுது, இளமையைக் கொடுத்து முதுமையை வாங்கிக்கொண்டவர் ஔவையார். ஒரு பெண் தனியாக ஊர் ஊராக நடக்க வேண்டும், ராஜாவிடம் நேருக்கு நேர் பேச வேண்டும் என்றால், அழகும் இளமையும் இடைஞ்சலாக இருந்த உலகம். அதனால் கிழவியானாள். சின்ன வயது ஔவையாக வேறு நடிகை நடித்தார். கிழவி ஆன பிறகு சுந்தராம்பாள். அவருக்கு அப்போது 45 வயதுதான்.

சினிமாவில் 45 வயது என்றால் பெண்ணுக்கு வேலை முடிந்த வயது. ஆணுக்கு அப்படிக் கிடையாது, 50 வயதிலும் காலேஜ் மாணவனாக வரலாம். சுந்தராம்பாள் வயதை மறைக்கவில்லை. நரைத்த தலையும் கையில் கோலும் விபூதியுமாக அவர் நின்றபோது, தமிழ்நாட்டுக்கு ஔவையார் என்றால் அந்த முகம்தான் என்று ஆகிவிட்டது. பாடப் புத்தகத்தில் ஆத்திசூடி படிக்கிற நம்ம பிள்ளைகள் மனசில் வருகிற ஔவைப் பாட்டியும் ஏறக்குறைய அவர் சாயல்தான்.

56 வயதுக்கு மேல் கூடிய வேலை

அவருடைய படங்களின் வருஷங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 1935, 1940, 1953. பதினெட்டு வருஷத்தில் மூன்றே படம். அதற்குப் பிறகு 1964-இல் பூம்புகார், 1965-இல் திருவிளையாடல், 1966-இல் மகாகவி காளிதாஸ், 1967-இல் கந்தன் கருணை, 1969-இல் துணைவன், 1973-இல் காரைக்கால் அம்மையார். அவர் சினிமாவில் அதிகம் வேலை பார்த்தது 56 வயதிலிருந்து 65 வயதுக்குள். எனக்கே இது ஆச்சரியமாக இருந்தது.

பூம்புகார் படத்தில் கவுந்தியடிகள். கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்குக் கூட்டிப் போகிற சமணத் துறவி. அந்தப் படத்துக்குக் கதை வசனம் மு. கருணாநிதி. அவர் தி.மு.க., கடவுள் நம்பிக்கை இல்லாதவர். இவர் காங்கிரஸ், முருக பக்தை. ஆனாலும் ஒருவர் திறமையை ஒருவர் மதித்தார்கள். ஒரு பாட்டில் தெய்வம் எங்கே போனது என்று கேட்கிற மாதிரி வரி வந்தபோது அதைப் பாட முடியாது என்று சுந்தராம்பாள் சொன்னதாகவும், வரியை மாற்றிக் கொடுத்ததாகவும் சொல்லுவாங்க. சண்டை போடவில்லை, படத்தை விட்டுப் போகவும் இல்லை. தனக்கு ஒவ்வாததைச் சொன்னார். கேட்டவரும் பெருந்தன்மையாகக் கேட்டுக்கொண்டார்.

ஏ.பி. நாகராஜனின் திருவிளையாடலில் சிவாஜியும் சாவித்திரியும் இருந்தார்கள். அவ்வளவு பெரிய நட்சத்திரங்கள் நடுவிலும், கொஞ்ச நேரமே வந்த ஔவையார் காட்சி 60 வருஷம் ஆகியும் மறக்கவில்லை. குணச்சித்திர வேஷத்தின் பெருமை அதுதான். படத்தில் எத்தனை நிமிஷம் வந்தோம் என்பதை ஜனங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த துணைவன் படத்தில் பாடியதற்காக, 1969-ஆம் வருஷத்துக்கான சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. பாடகிக்கென்று தனியாக அந்த விருது தொடங்கி அது இரண்டாவது வருஷம். முதல் வருஷம் பி. சுசீலா வாங்கினார். அடுத்த வருஷம் 61 வயது சுந்தராம்பாள். 1970-இல் பத்மஸ்ரீ வந்தது. தமிழ் இசைச் சங்கம் இசைப் பேரறிஞர் பட்டம் கொடுத்தது.

காரைக்கால் அம்மையார் படத்தில் அவருடைய வேஷத்தை நினைத்தால் எனக்கு மனசு கனக்கும். புனிதவதியாக இருந்தபோது கணவன் பயந்து விட்டுப் போய்விடுகிறான். இனி இந்த அழகு யாருக்கு என்று பேய் உருவம் கேட்டு வாங்கிக்கொண்டு, கைலாயத்துக்குத் தலையாலே நடந்து போனவர் அம்மையார். இளம் வயது புனிதவதியாக லட்சுமி நடித்தார். அம்மையாராக சுந்தராம்பாள். அடியார், துறவி, பாட்டி, மறுபடி துறவி, கடைசியில் பேயுருவம் எடுத்த அம்மை. 1933-இல் அவர் எடுத்த முடிவு எந்த வேஷத்திலும் மீறப்படவில்லை. கதாநாயகி வேஷத்துக்குக் கதவைச் சாத்திவிட்டால் நடிகைக்கு வேறு வேஷமே கிடையாது என்பதுதான் சினிமாவின் கணக்கு. அவருக்காகத் தயாரிப்பாளர்கள் தமிழ்க் கதைகளில் இருந்த தனியான பெண்களைத் தேடி எடுத்துக் கொண்டு வந்தார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

1980-இல் அவர் காலமானார். தன் ஊரான கொடுமுடியில் அவர் ஒரு திரையரங்கமும் வைத்திருந்தார். அம்மாவின் பெயரையும் ஊரின் பெயரையும் கடைசி வரை தன் பெயருக்கு முன்னால் வைத்திருந்தார்.

அவரை மாதிரி எல்லோருக்கும் குரல் வராது. ஒரு லட்சம் கேட்டால் கொடுக்க நமக்கு ஆளும் வர மாட்டார்கள். கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிறோம், ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறோம், வீட்டில் தையல் தைக்கிறோம், நூறு நாள் வேலைக்குப் போகிறோம். நம்மை வைத்து வேலை வாங்குகிறவர் இந்த வேலைக்கு இவ்வளவுதான் என்று சொன்னால், சரி என்று தலையாட்டி விட்டு வந்து கூட்டத்தில் புலம்புகிறோம். என்ன வேலைக்கு எவ்வளவு கூலி, எத்தனை மணி நேரம், ராத்திரி திரும்பி வர வண்டி உண்டா என்று போகும்போதே கேட்டுவிட்டுப் போவது நம்ம கையில் இருக்கிறது. ஒருத்தி தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் பத்துப் பேர் சேர்ந்து கேட்கலாம். குழு என்று ஒன்று வைத்திருப்பதே அதற்கும் சேர்த்துத்தான். சுந்தராம்பாள் அம்மாவுக்கு அந்தத் துணையும் கிடையாது. 27 வயதில் தனியாகவே பேசினார்.

கணவரை இழந்த நம்ம சகோதரிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கூட்டமைப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டால் பின்னால் நகர வேண்டாம். கூப்பிடுகிற நாமும் இந்த முறை முதலில் அவர்களைக் கூப்பிடுவோம். சந்தா கட்டும்போது வரிசையில் நிற்கிறவருக்கு, விளக்கு ஏற்றும்போது மட்டும் இடம் இல்லை என்பது நியாயம் இல்லை.

50 வயது தாண்டிய அம்மாக்கள் இனி எங்களுக்கு எதற்குக் கடன், எதற்குப் பயிற்சி என்று சொல்லும்போது, நான் இந்த வருஷங்களைத்தான் சொல்லப் போகிறேன். 56 வயதில் பூம்புகார், 57-இல் திருவிளையாடல், 61-இல் தேசிய விருது. காளான் வளர்ப்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்க அதைவிட நல்ல வயது எது?

ஔவையார் படம் பழைய படம்தான், நீளமும் அதிகம். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் பெண் பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். கல்யாணம் வேண்டாம் என்று அந்தப் பெண் பிள்ளையாரிடம் அழுகிற இடம் வரும்போது, உங்கள் பெண்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.